கடலைப் பார்க்காதவர்களின் கடல் பாட்டு

எம்.ஜி.ஆர் படப் பாட்டுகளில் உங்களுக்கு எது உயிர் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சண்டைக்கும் வருவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்பாயி, அப்பா, நான் எல்லோருக்கும் ஒன்றுதான்: ‘படகோட்டி’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘தரைமேல் பிறக்க வைத்தான்’.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அது மீனவர்களின் பாட்டு. நாங்களோ ஹட்டனுக்கு அடுத்த டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். எங்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் காசல்ரீ நீர்த்தேக்கம்தான். அதில் அலையும் கிடையாது, உப்பும் கிடையாது. அப்பாயி தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். சின்ன வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவர் கடைசிவரை அந்த மலைகளோடேயே இருந்தார். கடலை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வானொலியில் இந்தப் பாட்டு ஆரம்பித்தால் அடுப்படியிலிருந்து குரல் வரும்: “சத்தத்தக் கூட்டு தம்பி.”

கூட்டுவேன். அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை காம்பராவில் யாரும் வாய் திறக்க முடியாது. அப்பா கூட.

ஏன் இந்தப் பாட்டு என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். எம்.ஜி.ஆர் மேல் இருந்த பிரியம் என்று சொல்லிவிடலாம். மலையகத்தில் அந்தப் பிரியத்துக்குக் குறைவில்லை. ஹட்டன் கோச்சி கீழே இறங்கி நாவலப்பிட்டியில் நிற்கும்போதெல்லாம் “இங்கதான் தலைவர் பொறந்தாரு” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். 1917 ஜனவரி 17இல் அவர் பிறந்தது கண்டிச் சீமையில் என்பதே எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை. ஆனால் அந்தப் பிரியத்துக்கு வேறு எத்தனையோ பாட்டுகள் இருந்தன. சாட்டையைச் சுழற்றிக்கொண்டு அவர் ஆணையிடும் பாட்டு இருந்தது, தம்பியைத் தூங்காதே என்று தட்டி எழுப்பும் பாட்டு இருந்தது. தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் மே தினத்துக்கும் அவை ஒலிக்கும். வீட்டுக்குள் வைத்துக் கேட்க இது. இதற்கு வேறு காரணம் இருந்தது.

‘படகோட்டி’ தமிழ்நாட்டில் 1964 தீபாவளிக்கு, நவம்பர் 3ஆம் திகதி வந்த படம். ஜி.என்.வேலுமணி தயாரிப்பு, டி.பிரகாஷ்ராவ் இயக்கம், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. பாட்டுகள் அத்தனையும் வாலி எழுதியவை. இரண்டு மீனவக் குப்பங்களுக்குள் பகை, அந்தப் பகையை ஊதிவிட்டுப் பிழைக்கும் நம்பியார், நடுவில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும். கதை அவ்வளவுதான். பாட்டுகளுக்காகவே நின்ற படம்.

அந்தத் தீபாவளிக்கு நான்கு நாட்களுக்கு முன்னால், அக்டோபர் 30ஆம் திகதி, புது டில்லியில் ஒரு கையெழுத்து விழுந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன எங்கள் ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்கு 75 ஆயிரம் என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பக்கத்துக்கு யார் போவது என்று எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போட்ட கணக்கு இல்லை அது.

ஒப்பந்தம் அக்டோபரில், படம் நவம்பரில், புயல் டிசம்பரில். 22ஆம் திகதி இரவு அடித்த அந்தப் புயலில்தான் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாரிலிருந்து போகும் கப்பல் அதுவரை போய்ச் சேர்ந்த துறை அது. பிறகு எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ‘ராமானுஜம்’ கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போனது.

வாலி இதையெல்லாம் நினைத்து எழுதியிருக்க வழியே இல்லை. பாட்டு பதிவானபோது ஒப்பந்தமே இல்லை. படத்தில் வரும் குப்பத்துக்காக எழுதினார். தரையில் பிறந்தவன் தண்ணீரோடு போராடுகிறான், பெண்கள் கரையில் நின்று அழுகிறார்கள், நடுக்கடலில் தாகம் எடுத்தால் கொடுக்க ஆள் இல்லை, போனவன் வருவானா என்பதும் நிச்சயமில்லை என்று மீனவன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு போகிறார். அதைக் கேட்ட தோட்டத்துச் சனத்துக்கு மீன்பிடி தெரியாது. கரையில் நின்று அழுவது தெரியும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பாதது தெரியும்.

எங்கள் குடும்பத்தில் போனது அத்தை. அப்பாவின் அக்கா. அத்தையும் மாமாவும் இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள். அப்பா சிலோனுக்கு எழுதினார். அப்போது அப்படித்தான் பேசுவார்கள். “அவுங்க இந்தியாவுக்கு எழுதிட்டாங்க” என்றால் ஒரு குடும்பம் உடைந்துவிட்டது என்று பொருள். மாமாவுக்குத் துறையூர்ப் பக்கம் பூர்வீகம். அங்கே காணி இருப்பதாக அவருடைய அப்பா சொல்லிவைத்திருந்தார். அதோடு 1973, 74 பஞ்சம் வந்தது. மாவுக்கு வரிசை, அரிசிக்கு வரிசை, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்து போனது. கிழங்கு வைத்த பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்தப் பசியில்தான் நிறையப் பேர் முடிவெடுத்தார்கள். பாஸ்போர்ட் வந்தது, சேமலாப நிதியைக் கணக்கு முடித்தார்கள், ஒரு தகரப் பெட்டியில் தேயிலைத் தூளும் துணிகளும் போட்டுக்கொண்டு அத்தை குடும்பம் கிளம்பியது.

அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஹட்டன் ஸ்டேஷனில் அது நிற்கும் நேரம் முழுக்க ஒப்பாரிதான். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுவது போலவே, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ராகம் போட்டு அழுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி வைக்கலாமா என்று ஒரு பெரியவர் தடுத்ததாகவும், “இனிமே எங்க பாக்கப் போறோம்” என்று அப்பாயி அவரிடம் சீறியதாகவும் அப்பா சொல்வார். எனக்கு அப்போது நினைவு சரியாகத் தெரியாத வயது. யாரோ என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள், நிறைய வெள்ளைச் சீலைகள் தெரிந்தன, அவ்வளவுதான் என் கணக்கில் இருக்கிறது. ஹட்டன், நாவலப்பிட்டி, பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, பிறகு தலைமன்னார். அங்கிருந்து கப்பல். ராமேஸ்வரத்தில் இறக்கி மண்டபம் முகாம். சிலோனுக்கு ஆள் பிடித்து வந்த காலத்தில் எங்கள் முன்னோரைத் தடுத்து வைத்து மருந்தடித்து அனுப்பியதும் அதே மண்டபம்தான். வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் ஒரே வாசல்.

அத்தை போன பிறகு அப்பாயிக்கு அந்தப் பாட்டு வேறு பாட்டாகிவிட்டது என்று அப்பா சொல்வார். அதற்கு முன்னால் அது எம்.ஜி.ஆர் பாட்டு. அதற்குப் பிறகு அத்தை பாட்டு.

வானொலிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்தில் கரண்ட் வருவதற்கு எத்தனையோ காலம் முந்திய கதை இது. பேட்டரியில் ஓடும் பெட்டி. கூரையிலிருந்து சவுக்கு மரத்துக்கு ஏரியல் கம்பி. மழையும் மூடுபனியும் கூடிவிட்டால் குரல் இரைச்சலுக்குள் போய்விடும். பேட்டரி தீரத் தீர வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். செய்தி, பொங்கும் பூம்புனல், நீங்கள் கேட்டவை, இரவில் இரவின் மடியில் என்று அளந்து அளந்துதான் போடுவார் அப்பா. அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்க லயத்துப் பொடியன்கள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ராஜேஸ்வரி சண்முகம் பேசும்போது பொம்பளைகள் வருவார்கள். இந்தியாவில் 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டுச் சனமும் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பப் பழகியிருந்தது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியபோதும் எங்களுக்கு அது சிலோன் ரேடியோதான்.

நேயர்கள் பெயரும் ஊரும் வாசிக்கும்போது மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, இராகலை என்று எங்கள் ஊர்கள் வரும். பத்திரிகையில் எங்களைப் பற்றி வந்தால் அது சம்பளப் பிரச்சினையாகவோ மண்சரிவாகவோ இருக்கும். வானொலியில் மட்டும்தான் நாங்கள் ஒரு பாட்டைக் கேட்டவர்களாக, ரசித்தவர்களாக, பெயரோடு வந்தோம். எனக்கு இது பெரிய விஷயம்.

இப்போது டி.எம்.எஸ். மதுரையில் 1922 மார்ச் 24இல் பிறந்தவர். வீட்டு மொழி சௌராஷ்டிரம். அந்த வீட்டிலிருந்து வந்தவர்தான் தமிழை எழுத்தெழுத்தாக நிறுத்திப் பாடக் கற்றுக்கொடுத்தார். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் சங்கீதம் கற்றார், தியாகராஜ பாகவதர் பாட்டுகளைப் பாடிப் பாடியே மேடை ஏறினார். 1946இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்துக்குப் பாடியும் அது 1950இல்தான் வெளிவந்தது. 1954இல் சிவாஜிக்குத் ‘தூக்குத் தூக்கி’, எம்.ஜி.ஆருக்கு ‘மலைக்கள்ளன்’. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவாஜிக்கு அவர் பாடும்போது குரல் தொண்டைக்குள் புரண்டு கனக்கும். எம்.ஜி.ஆருக்கு நெஞ்சைத் திறந்து நேராக வரும். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் இந்தப் பாட்டில் கவனித்தது வேறு. சொல்லப்படும் துயரம் முழுக்க அழுகைத் துயரம். வேறு யாராவது பாடியிருந்தால் இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்திருக்கும், உடைப்பதற்கு அத்தனை இடம் இருக்கிறது. டி.எம்.எஸ் ஓர் இடத்தில்கூட உடையவில்லை. துயரத்தை ஒரு வழக்குப் போல எடுத்து வைக்கிறார். இரந்து கேட்கிற தொனி இல்லை. படைத்தவனை நிறுத்திவைத்து, நீ செய்தது இது என்று கணக்குச் சொல்கிற தொனி. பெரட்டுக் களத்தில் தொரைக்கு முன்னால் நின்று அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் தந்ததற்குக் காரணம் கேட்க முடியாமல் வந்த மனிதர்களுக்கு, அழாமல் கணக்குக் கேட்கும் ஒரு குரல் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாயி இந்தப் பாட்டுக்கு அழுது நான் பார்த்ததில்லை. முகம் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் டி.எம்.எஸ்தான். விடியற்காலையில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சீர்காழியின் விநாயகர் பாட்டோடு தொடங்கும். பிறகு டி.எம்.எஸ்ஸின் முருகன் பாட்டுகள். ‘படகோட்டி’ வந்த அதே 1964இல் ‘அருணகிரிநாதர்’ படத்தில் அவரே நடித்துப் பாடிய ‘முத்தைத்தரு’ ஒலித்தால் மலையே நிமிர்ந்து நிற்கும். பொழுது சாய்ந்தால் எம்.ஜி.ஆர், சிவாஜி. தெய்வத்துக்கும் மனிதனுக்கும் ஒரே குரல். ‘படகோட்டி’யின் ‘தொட்டால் பூ மலரும்’ பாட்டை வானொலிக்குக் கேட்டு அனுப்பும் பொடியன்கள் கூட்டம் தனி. ரஹ்மான் 2004இல் ‘நியூ’ படத்தில் அதைப் புதுசாக்கியபோது அந்தப் பொடியன்களின் பிள்ளைகள் ஆடினார்கள். நல்ல பாட்டுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ‘படகோட்டி’ என்றால் அதையும் ‘கொடுத்ததெல்லாம் கொடுத்தா’னையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

கொழும்பில் வேலை செய்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். அறைத் தோழன் மன்னார், பேசாலை. மீன்பிடிக் குடும்பம். ஓர் இரவு நான் இந்தப் பாட்டை முணுமுணுக்க, “மச்சான், இது எங்கட பாட்டல்லோ, உனக்கென்ன இதில?” என்றான். எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். அவன் விடவில்லை. தகப்பன் கடலுக்குப் போய்விட்டு விடிந்தும் வராத இரவு என்னவென்று உனக்குத் தெரியுமா, கரைக்கு வந்து நிற்கிற அம்மாவின் முகம் தெரியுமா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. அவன் கேட்டது நியாயம். பாட்டு முதலில் அவர்களுக்குச் சொந்தம். இரவு வெகுநேரம் பேசினோம். பேச்சுக்கு இடையில் அவன்தான் சொன்னான், அவனுடைய அம்மம்மா தலைமன்னார் துறையில் மலைநாட்டுச் சனம் பிள்ளைகுட்டிகளோடு கப்பலுக்குக் காத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறார். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. வெயில். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். “குளிருக்குப் போடுற கறுத்தக் கம்பளியை அந்த வெயிலுக்கையும் மடியில வச்சுக்கொண்டு இருந்தவையாம்” என்றான்.

கறுப்புக் கம்பளி. மழையிலும் பனியிலும் மலைக்குப் போகிற எங்கள் ஆட்கள் தலையில் போட்டுக்கொள்வது. அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

பிறகு ஒரு முறை நீலகிரிக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். துறையூர்க் காணி என்று ஒன்றும் இல்லை. கொஞ்ச காலம் அலைந்துவிட்டுப் பந்தலூர்ப் பக்கம் டான்டீ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. திரும்பவும் லயம், திரும்பவும் கொழுந்து. ஊர்க்காரர்கள் அவர்களைக் கூப்பிடுவது சிலோன்காரங்க என்று. இங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள், அங்கே போனதும் சிலோன்காரர்கள்.

தலைமன்னாரில் யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று அத்தையிடம் கேட்டேன். ஞாபகமில்லை என்றார். கப்பலில் சின்னவள் வாந்தி எடுத்தது, மாமா தகரப் பெட்டி மேலேயே உட்கார்ந்து வந்தது, ராமேஸ்வரத்தில் இறங்கியதும் மண் சுட்டது, இவைதான் ஞாபகம். ஆனால் பாட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. அங்கேயும் இரவில் சிலோன் ரேடியோவைத்தான் பிடிப்பார்களாம். பாட்டுக்காக இல்லையாம். “நம்ம தோட்டத்துப் பேரு வருதான்னு கேக்கத்தான் சாமி” என்றார். அப்பாயி இந்தப் பாட்டைக் கேட்டு இறுகி உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் அத்தையும் அதே அலைவரிசையில் இருந்திருக்கலாம். 1984இல் கப்பல் நின்றது. அப்பாயி அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. தாயும் மகளும் பார்த்துக்கொள்ளவே இல்லை. இந்த மண்ணில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். அப்பாயிக்கு அது எதற்கும் ஆகவில்லை.

2013ஆம் ஆண்டு எங்களுக்குச் சாவு ஆண்டு. ஏப்ரல் 17இல் ராமமூர்த்தி, மே 25இல் டி.எம்.எஸ், ஜூலை 18இல் வாலி. இசையமைத்த இருவரில் ஒருவர், பாடியவர், எழுதியவர், மூவரும் சுமார் மூன்று மாத இடைவெளியில் போனார்கள். டி.எம்.எஸ் போன அன்று ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீடிக் கடையில் நாள் முழுக்க அவர் பாட்டு போட்டார்கள். நோர்வூட் பஸ்ஸுக்கு நின்ற சனம் பஸ் வந்தும் ஏறாமல் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இதை எல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1823இல் எங்கள் ஆட்கள் வந்ததிலிருந்து 200 ஆண்டு என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அதையொட்டி மலையகப் பாடல்களைத் தொகுக்கும் பேச்சு நிறைய எழுந்தது. நல்ல காரியம். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை அதை எப்போதோ தொடங்கி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நமக்கு விட்டுப் போயிருக்கிறார். கங்காணியைத் திட்டும் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அதில் இருக்கின்றன. ஆனால் தொகுப்பவர்கள் சினிமாப் பாட்டு என்றதும் கையைத் தட்டிவிடுகிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ கோடம்பாக்கத்துப் பாட்டுதான். அதை நாங்கள் கட்டவில்லை. ஆனால் எங்கள் லயங்களில் அதைக் கேட்டவர்கள் எதற்காகக் கேட்டார்கள், யார் போன பிறகு கேட்டார்கள் என்பது எங்கள் சரித்திரம். அது எழுதப்படாவிட்டால் அந்தக் கிழவிகளோடு போய்விடும்.

நான் ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று போகிற இடத்தில் எல்லாம் வயதானவர்களிடம் கேட்கிறேன்: கோச்சி ஏறிப் போனவர்களை நினைத்து நீங்கள் கேட்ட பாட்டு எது? பொகவந்தலாவையில் ஓர் அம்மா யோசிக்கவே இல்லை. ‘கொடுத்ததெல்லாம் கொடுத்தான்’ என்றார். போன அண்ணன் சம்பள நாளில் கள்ளு குடித்துவிட்டு அதைத்தான் பாடிக்கொண்டு வருவாராம். இரண்டாவது பாட்டு எது என்று கேட்டேன். ஒரு டி.ஆர்.மகாலிங்கம் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார், மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, “இவுங்கள ஆரம்பிக்க விட்டீங்க, பொழுது போயிரும்” என்றார். பொழுது போனது. அந்தப் பட்டியல் மட்டும் கொப்பியில் நான்கு பக்கம் இருக்கிறது.